ஆறு வீட்டு மாவு

“இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் தத்தம் துறைக்கு வெளியே ஒரு விருப்பப் பாடத்தைக் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டும்.”

எங்கள் கல்லூரிச் சுற்றறிக்கையின் முதல் வரி இது. மேல் வலது மூலையில் இருக்கும் தேதியை நாட்காட்டியோடு ஒப்பிட்டால் அது ஜூலை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூட்டிக் கிடக்கும் அலுவலகத்தில் அன்று யார் உட்கார்ந்து தட்டச்சு செய்தார் என்று தெரியவில்லை. எனக்கு அது வந்து சேர்ந்தது மறுநாள் காலை, வாட்ஸ்அப்பில், கல்லூரிப் பேருந்து திருவேற்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது. இதையெல்லாம் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம். எந்த நாளில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் நடந்ததே பாதிதான் நடந்ததுபோல எனக்குத் தோன்றும்.

நான் அப்போது வேலப்பன்சாவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த காலம். சுற்றறிக்கையோடு இணைத்திருந்த பாடப் பட்டியலைப் பேருந்திலேயே இரண்டு முறை படித்தேன். வானியல் அறிமுகம், நுகர்வோர் சட்டம், அன்றாட உளவியல், இசையை ரசிப்பது எப்படி, நகரமும் சாலையும், உணவு நுண்ணுயிரியல், நாடகப் பயிற்சி, தொழில்முனைவு. நட்சத்திரமும் ரேஷன் கடைப் புகாரும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் இருப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நமக்கு அடைத்துவிட்ட கதவுகளையெல்லாம் யாரோ மறுபடி ஒருக்களித்து வைத்ததுபோல. எல்லாவற்றிலும் ஒரு வகுப்பாவது போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் வானியல் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த நண்பன் பட்டியலின் வலது ஓரத்தைக் காட்டினான். அவன் அண்ணனூர்க்காரன். அவன் குடும்பம் அங்கே ரயில் பணிமனை வருவதற்கு முன்பிருந்தே நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது நிலம் இருந்த இடத்தில் வாடகை வீடுகள் இருக்கின்றன.

“மாமே, டைம் பாத்தியா? வானியல் கடைசி ஹவரு. நம்ம வண்டி அதுக்கு முன்னாடியே கெளம்பிடும்.”

“அண்ணன்கிட்ட சொன்னா பத்து நிமிஷம் நிறுத்த மாட்டாரா?”

அவன் எழுந்து ஓட்டுநரிடம் கத்தினான். “அண்ணாத்தே! இவன் நட்சத்திரம் படிக்கப் போறானாம். வண்டி நிறுத்துவியா?”

ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: “பெல் அடிச்சா எடுத்துகினு போய்க்கினே இருப்பேன். நட்சத்திரம் பாக்கறவன் அத்தப் பாத்துக்கினே நடந்து வரட்டும்.”

எங்கள் கல்லூரியில் யார் எதைப் படிப்பார் என்பதை முடிவு செய்தது பேருந்துதான் என்று அப்போதுதான் புரிந்தது. மதியத்துக்கு முன் நடக்கும் பாடங்கள் தூரத்து வழித்தடக்காரர்களுக்கு. கடைசி மணிப் பாடங்கள் விடுதியில் இருப்பவர்களுக்கும் சொந்தமாக இரு சக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கும். மதியத்துக்கு முந்தைய பாடங்களில் உளவியலைத் திருவள்ளூர் வண்டிக்காரர்கள் ஒட்டுமொத்தமாக முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆவடி வண்டிக்கு மிஞ்சியது உணவு நுண்ணுயிரியல். ஆக அந்த ஆண்டு நட்சத்திரங்களைப் பற்றி விடுதிக்காரர்கள் அறிந்துகொண்டார்கள். மனித மனத்தைப் பற்றித் திருவள்ளூர் அறிந்துகொண்டது. ஆவடி, அண்ணனூர், அயப்பாக்கம் ஆகிய ஊர்களுக்குக் கிருமி.

முதல் வகுப்பு ஜூலையின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உயரமான முக்காலிகளில் உட்கார வைத்தார்கள். வணிகவியல், கணினி, ஆங்கிலம் என்று பலதரப்பட்ட கூட்டம். யாரும் அதற்கு முன் அந்தக் கட்டடத்துக்குள் வந்ததில்லை. ஒருவன் தண்ணீர்க் குழாயைத் திருகப் போய் எரிவாயுக் குழாயைத் திருகிவிட்டான்.

பாடம் எடுத்த மேடம் எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வேலூர்ப் பக்கம். நிரந்தர வேலை இல்லை, ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப்பிக்கப்படும் கௌரவ விரிவுரையாளர். அவர் எதையும் மறைத்துப் பேசுகிறவர் அல்ல.

“பாருங்கப்பா, இது புதுப் பாடம். சோதனைக்குத்தான் விட்டிருக்காங்க. அக்டோபர்ல ஒரு குழு வந்து பாக்கும். நாம ஒரு செய்முறை பண்ணி, உருப்படியா ஒரு முடிவு காட்டணும். காட்டினா பாடம் இருக்கும், நானும் இருப்பேன். இல்லேன்னா ரெண்டு பேரும் கெளம்பிட வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டதை நான் கவனித்தேன்.

செய்முறை என்னவென்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். இட்லி மாவு. அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்த மாவு தானாகப் பொங்குகிறதே, அதைப் பொங்க வைப்பவை வெளியிலிருந்து நாம் போட்டவை அல்ல. உளுந்திலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் கையிலும் இருக்கும் நுண்ணுயிர்கள். அப்படியென்றால் வீட்டுக்கு வீடு மாவு வேறுபட வேண்டும். எவ்வளவு வேறுபடும்? இதுதான் கேள்வி. எல்லோரும் வீட்டில் அரைத்த மாவை, புளிக்கும் முன், ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவர வேண்டும்.

கேள்வி எனக்கு உடனே பிடித்துவிட்டது. வணிகவியலில் எங்களுக்குக் கேள்விகள் விடையோடுதான் வரும். இந்தக் கேள்விக்கு விடை மேடத்துக்கும் தெரியாது என்பதே ஒரு புதுமை. அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். நாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அயப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள். சோதனை நாள் காலையில் அம்மா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த எவர்சில்வர் தூக்கிலிருந்து ஒரு டப்பா மாவு எடுத்துக் கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்த வாரத்தில், கிருத்திகைக்கு முந்தின நாள், முதல் சோதனை நடந்தது. அளவுக் கோடுகள் போட்ட கண்ணாடி உருளைகளில் ஒவ்வொரு வீட்டு மாவையும் ஒரே மட்டத்துக்கு ஊற்றினோம். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் வகுப்பிலிருந்து அனுமதி வாங்கி வந்து, மாவு எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது, எவ்வளவு புளித்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். சாயங்காலம் வண்டி ஏறும் முன் வரைபடம் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலான கோடுகள் இஷ்டத்துக்குப் போயிருந்தன. நண்பன் வீட்டு மாவு முதலில் சும்மா கிடந்து, பிறகு திடீரென்று பொங்கி உருளையின் வாயைத் தொட்டது. இன்னொருவன் வீட்டு மாவு கடைசி வரை அசையவே இல்லை. அவன் வீட்டில் வெந்தயம் போட மறந்துவிட்டார்கள் என்று சொன்னான்.

ஆனால் ஆறு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. ஆறும் ஒரே அளவு புளிப்பில் தொடங்கி, ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒரே உயரத்தில் நின்றன. அதில் ஒன்று எங்கள் வீட்டுக் கோடு.

“இது எப்படி?” என்றார் மேடம். அவர் குரல் மாறியிருந்தது. “ஆறு வீடு. ஆறு அம்மா. ஒருத்தர் ஊர் மதுரை, ஒருத்தர் சேலம், ஒருத்தர் நாகர்கோவில். அரிசி உளுந்து அளவே வேற வேறயா இருக்கணும். எப்படி ஒண்ணா வரும்?”

மூன்று வாரம் கழித்து மறுபடி செய்தோம். ஆறு பேரில் ஒரு பெண் காய்ச்சல் என்று வரவில்லை. மற்ற ஐந்து கோடுகளும் மறுபடி ஒன்றாகவே கிடந்தன.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் என் கல்லூரிக் காலத்திலேயே நான் மிகவும் சுறுசுறுப்பாக இருந்த வாரங்கள். நான் ஒரு வரைபடம் வரைந்தேன். அயப்பாக்கம், அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று ஆறு வீடுகளையும் புள்ளி வைத்தேன். ஆறும் அடுக்குமாடிக் குடியிருப்பு அல்லது பணியாளர் குடியிருப்பு. ஆறு வீட்டுக்கும் தண்ணீர் லாரிதான். தனித்தனியாகப் போன கோடுகளைப் பார்த்தேன். பெரும்பாலும் பழைய ஊர்க்காரர்கள், சொந்தக் கிணறோ ஆழ்துளைக் குழாயோ வைத்திருப்பவர்கள். விடை கண்முன் நின்றது. தண்ணீர்! ஒரே இடத்துத் தண்ணீர் லாரியில் ஏறி ஆறு வீட்டுக்குப் போகிறது, அதில் உள்ள நுண்ணுயிர்களும் போகின்றன, ஆறு மாவும் ஒன்றுபோல் பொங்குகின்றன.

மேடம் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “இது நிஜமா இருந்தா...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக ஒரு தலைப்பு எழுதினார்: மேற்குப் புறநகர் மாவும் தண்ணீரும். குழுவுக்குக் காட்ட அதையே தயார் செய்யத் தொடங்கினோம். நான் நூலகத்தில் ஏரி, நிலத்தடி நீர், குளோரின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நீரியல் எங்கள் கல்லூரியில் விருப்பப் பாடமாகக்கூட இல்லை. ஒரு பாடத்துக்குள் நுழைந்தால் அது இன்னொரு பாடத்தின் கொல்லைக் கதவில் கொண்டுபோய் விடுகிறது என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து முதல் வெள்ளிக்கிழமை. குழு வரவேண்டியது அடுத்த செவ்வாய். வண்டி அயப்பாக்கத்தை நெருங்கும்போது நான் நண்பனிடம் வரைபடத்தை விரித்து லாரித் தண்ணீர்க் கதையை முழுதாகச் சொன்னேன். அதுவரை அவனுக்கு அதில் அக்கறை இருந்ததில்லை. அவன் ஆறு புள்ளிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“இது உங்க ஊடா?”

“ஆமா.”

“கீழ மளிகைக் கடை கீதே, பச்சை போர்டு?”

“ஆமா, அதுக்கு என்ன?”

“இது திருமுல்லைவாயல்ல கோயிலுக்குப் பின்னாடி. இங்கயும் ஒரு கடை கீது. இது ஆவடி குவார்ட்டர்ஸ். அங்க பால் பூத்தாண்ட.” அவன் சிரிக்க ஆரம்பித்தான். “மாமே, இது தண்ணி லாரி ரூட் இல்ல. எங்க சித்தப்பா ரூட்டு.”

“என்னடா சொல்ற?”

“சித்தப்பா இன்னா வேலை செய்றாருன்னு நெனச்ச? மாவு வண்டி ஓட்றாரு. விடியக்காலைல ஒரே எடத்துல அரைச்சத டிரம்முல ஏத்திகினு, கடை கடையா ஊத்திக்கினே வருவாரு. கடைக்காரன் அத்த பாக்கெட் கட்டி விப்பான். உங்கம்மா வாங்கிகினு போய் தூக்குல ஊத்தி வெச்சிருப்பாங்க. நீ அத்த எடுத்துகினு வந்து கிருமி தேடிக்கினு கீற!”

முன்னிருக்கைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ “நைனா, விஞ்ஞானி மாட்டிக்கினாரு!” என்றான். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமையும் கரும்பலகையில் இருந்த தலைப்பும் நினைவுக்கு வந்ததும் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, நம்ம மாவு நீங்க அரைச்சதுதானே?”

“அரைச்சதா? கிரைண்டர் மேல உன் பழைய புஸ்தகத்த அடுக்கி வச்சு ரெண்டு வருஷம் ஆகுது. நீதான் அடுக்கின.”

“அப்ப அன்னைக்குக் கேட்டப்ப ஏன் சொல்லல?”

“நீ மாவு கேட்ட, குடுத்தேன். மாவோட ஜாதகமா கேட்ட?”

சனிக்கிழமை மற்ற ஐந்து பேரிடமும் தொலைபேசியில் பேசினேன். நான்கு வீடுகளில் எங்கள் வீட்டுக் கதைதான். வாங்கிய மாவைப் பழைய தூக்கிலோ அடுக்கிலோ ஊற்றி வைக்கிறார்கள். பாக்கெட் குப்பைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் எழுந்து பார்க்கும்போது பாத்திரம்தான் கண்ணில் படுகிறது. வேலைக்குப் போகும் அம்மாக்கள் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான்கு பேரும் சொன்ன கடைகளை நண்பன் தன் சித்தப்பாவிடம் விசாரித்தான். எங்கள் வீட்டுக் கடையையும் சேர்த்து ஐந்தும் அவர் ஊற்றும் கடைகள்தான்.

ஆறாவது, முதல் சோதனைக்கு மட்டும் மாவு கொண்டுவந்த பி.சி.ஏ. பெண். ஆவடியில் தொழிற்சாலைப் பணியாளர் குடியிருப்பு. அவள் கோபித்துக்கொண்டாள்.

“எங்க வீட்ல அரைச்சதுதான். எங்கம்மா கடை மாவ கையால தொட மாட்டாங்க.”

திங்கட்கிழமை ஆய்வக வாசலில் ஒரு கூட்டமே அவளைச் சூழ்ந்து நின்றது. “கிரைண்டர் மகாராணி வந்துட்டாங்க, வழி உடுங்க!” என்றான் நண்பன்.

“உங்க சித்தப்பா மாவ விட எங்க மாவு நல்லாதான் இருக்கும், போடா.”

“அப்ப இன்னிக்கே அரைச்சு எடுத்துகினு வா. பாத்துடலாம்.”

அவள் முகம் சுருங்கியது. “கிரைண்டர் ரிப்பேருக்குக் குடுத்திருக்கு.”

அதற்கு எழுந்த சிரிப்பில் அவள் சொல்வது உண்மையா என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

மேடத்திடம் சொல்ல வேண்டியது நான். தண்ணீர்க் கதையைக் கொண்டுவந்தவன் நான்தானே. அவர் மறுநாள் காட்டவேண்டிய படங்களை மடிக்கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் வரிசையாகச் சொன்னேன். எந்த நாளில் யார் என்ன சொன்னார், எந்தக் கடை, எந்த வண்டி. நான் முடித்ததும் அவர் மடிக்கணினியை மூடினார்.

“ஆக, நான் நாளைக்கு அஞ்சு பாக்கெட் மாவ வச்சுக்கிட்டு ஆறு வீட்டுத் தண்ணிய பத்திப் பேச இருந்தேன்.”

“சாரி மேம்.”

“நீ ஏம்பா சாரி சொல்ற? டப்பா கொண்டுவரச் சொன்னது நான். எங்க அரைச்சதுன்னு ஒரு வார்த்தை கேக்காதது நான்.”

ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. இந்தப் பாடம் போனால் அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியாது. வேலூருக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். கேட்கத் துணியவில்லை. சற்றுக் கழித்து அவர் திரும்பியபோது முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

“இரு. அந்த உருளைங்கள யாரு ஊத்தினது?”

“ஆளாளுக்கு மேம். அவங்கவங்க.”

“அளவு குறிச்சது?”

“மணிக்கு ஒருத்தர்.”

“யாருக்கும் தெரியாது, இல்ல? ஒரே மாவுதான்னு ஒருத்தருக்கும் தெரியாது.” அவர் மடிக்கணினியை மறுபடி திறந்தார். “பி.காமும் பி.ஏ.வும், ஆய்வகத்துக்குள்ள மொத தடவ கால் வெக்கற பசங்க, ஆளுக்கு ஒரு கையா ஊத்தி, ஆளுக்கு ஒரு கண்ணால பாத்து அளந்திருக்கீங்க. ஒரே மாவு, ஒரே கோட்ல வந்திருக்கு. ரெண்டு தடவ! வீட்டு மாவு வேற வேறயா வந்திருக்கு. அப்ப நாம அளந்தது சரியா அளந்திருக்கோம். அந்த வித்தியாசம் நிஜ வித்தியாசம். இத நான் வேணும்னு திட்டம் போட்டிருந்தாகூட இவ்ளோ சுத்தமா செஞ்சிருக்க முடியாது.”

அன்று மாலைக்குள் கரும்பலகைத் தலைப்பை அழித்துவிட்டு, படங்களைப் பாதிக்கு மேல் மாற்றினார். நான் கூட இருந்து கோடுகளுக்கு நிறம் கொடுத்தேன். ஐந்து கோடுகளுக்குச் சிவப்பு. ஆறாவதற்கு என்ன நிறம் என்று கேட்டேன்.

“அது எங்க அரைச்ச மாவுன்னு தெரியுமா நமக்கு?”

“கடை மாவுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க மேம்.”

“எல்லாரும் சொல்றது இருக்கட்டும். அந்தப் பொண்ணு இல்லேன்னு சொல்றா. சாம்பல் நிறம் போடு.”

“கிரைண்டர் சரியானதும் அவளையே அரைச்சுக் கொண்டுவரச் சொல்லலாமா?”

“சொல்லலாம். ஆனா அது வேற உளுந்து, வேற வாரத்து மாவு. அன்னைக்கு வந்தது எதுன்னு அது சொல்லாதே.”

செவ்வாய்க்கிழமை குழுவாக வந்தவர்கள் மூவர்: கணிதத் துறைத் தலைவர், ஆங்கிலப் பேராசிரியை ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர். நாங்கள் பின்னால் முக்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மேடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். தண்ணீர் லாரிக் கதையையும் விடவில்லை, அதை நாங்கள் எவ்வளவு நம்பினோம் என்பதையும் விடவில்லை. மாவு வண்டி வந்த இடத்தில் ஆங்கிலப் பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அலுவலகக்காரர் சிரிக்கவில்லை.

“அப்ப நீங்க தேடினது கிடைக்கல. அதானே?” என்றார் அவர்.

“கிடைக்கல சார். ஆனா தேடற கருவி சரியா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. அடுத்த தடவ தேடலாம்.”

கணிதத் துறைத் தலைவர் அதுவரை சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது ஏன் தனி?”

“அது எங்கேருந்து வந்த மாவுன்னு உறுதியாகல சார்.”

“மத்த அஞ்சோட அப்படியே படுத்திருக்கே. அதுவும் கடை மாவுன்னு வச்சுக்கலாமே. படம் அழகா இருக்கும்.”

நான் மேடத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறையில் அதை மறுக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வச்சுக்கலாம் சார். ஆனா தெரியாது. அது வீட்டு மாவா இருந்தா, தண்ணி பத்தி நாங்க நெனச்சதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். கடை மாவா இருந்தா ஒண்ணும் இல்ல. ரெண்டுல எதுன்னு தெரியாம நான் நிறம் குடுக்க முடியாது.”

கணிதத் தலைவர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, தன் தாளில் ஏதோ எழுதினார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து போகும்போது ஆங்கிலப் பேராசிரியை நண்பனிடம் நின்று கேட்டார்: “உங்க சித்தப்பா வண்டி போரூர் பக்கம் வருதா?”

“வர்றதில்ல மேம். சொல்லி வெக்கறேன்.”

நவம்பர் கடைசியில் மேடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வரி அனுப்பினார்: பாடம் தொடரும், நானும் தொடர்கிறேன். கூடவே, மாவு கொண்டுவருபவர்கள் இனி அது எங்கே அரைத்தது என்று டப்பாவில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி. நண்பன் அதற்குக் கீழே கைதட்டும் படம் ஒன்று போட்டான். கணிதத் தலைவர் தாளில் எழுதியது என்ன என்று நான் கேட்டறியவில்லை.

அந்தப் பி.சி.ஏ. பெண்ணிடம் நான் மறுபடி தொலைபேசியில் பேசியது தேர்வு முடிந்த பிறகு. கிண்டல் செய்தவர்களில் நான் இல்லை என்றாலும் தடுத்தவர்களிலும் இல்லை. அதனால் தயங்கித்தான் பேசினேன். அவளுக்குக் கோபம் ஆறியிருந்தது.

“எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு” என்றாள். “அம்மாகிட்ட நீயே கேளு.”

தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தாள். அவர் அன்பாகப் பேசினார். “எப்பவும் வீட்லதான் அரைப்பேன் தம்பி. திடீர்னு விருந்தாளி வந்து மாவு பத்தாமப் போனா மட்டும் பால் பூத்துப் பக்கத்துல வாங்குவேன். அது இவளுக்குத் தெரியாது, சொன்னா மூஞ்ச தூக்குவா.”

“அந்த வாரம் விருந்தாளி வந்தாங்களா அம்மா? ஆடிக் கிருத்திகை வாரம்?”

“என் தம்பி வந்தான். திருத்தணிக்குக் காவடி எடுத்தான்ல. போறதுக்கு முன்னாடி இங்கதான் தங்கினான்.”

பின்னால் ஒரு ஆண் குரல், அவள் அப்பாவாக இருக்க வேண்டும்: “போறதுக்கு முன்னாடி எங்க வந்தான்? காவடி முடிச்சிட்டு வந்தான். மொட்டைத் தலையோட வந்தான்ல?”

“அது போன வருஷம்ங்க.”

“இந்த வருஷம்தான்.”

அந்தத் தம்பி கிருத்திகைக்கு முன்பே வந்திருந்தால், எங்கள் சோதனை நடந்த காலையில் அந்த வீட்டுத் தூக்கில் இருந்தது கடை மாவு. காவடி முடித்து வந்திருந்தால் அது அவள் அம்மா அரைத்த மாவு. ஆவடிக் குடியிருப்பில் அரைத்த மாவு அயப்பாக்கத்துப் பாக்கெட் மாவோடு ஏன் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது என்ற கேள்வி மறுபடி எழுந்து நிற்கும். மேடத்திடம் சொன்னேன். தெரிந்தால் உடனே சொல்லச் சொன்னார். அந்த மாமாவையும் கேட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு வருடமும் காவடி எடுத்ததாகவும், ஒரு வருடம் முன்னால், ஒரு வருடம் பின்னால் அக்கா வீட்டில் தங்கியதாகவும், எது எந்த வருடம் என்று நினைவில்லை என்றும் சொன்னார். அந்த ஆண்டு அவர் ஆவடிக்கு வந்தது ஆடிக் கிருத்திகைக்கு முன்பா பின்பா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிசெய்யப்படவில்லை.